தோட்ட டிராக்டருக்கு பிளேடு: முன்னாலா, வயிற்றிலா, பின்னாலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி வெருலம், டோங்காட், ஸ்டேங்கர், கேட்டோ ரிட்ஜ் பக்கம் சொந்தமாக ஏக்கர் இரண்டு ஏக்கர் பிளாட் வைத்திருப்பவர்களிடம் இப்போது சின்ன டிராக்டர் ஏதோ ஒன்று இருக்கிறது. புல்வெட்ட வாங்கியதாக இருக்கும், அல்லது பழைய குபோட்டா, மஹிந்திரா. மண்ணைத் தள்ளும் இரும்புத் தகடான பிளேடு ஒன்றை மாட்டினால் மண்பாதையையும் சரி செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் அடுத்து வரும். இணையத்தில் தேடினால் வட அமெரிக்காவின் பனித்தள்ளி பிளேடுகள்தான் வந்து குவியும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே.

டர்பனில் பனியே பெய்யாது. பனித்தள்ளி பிளேடைப் பற்றி நமக்கு என்ன?

கடற்கரைப் பக்கம் பெய்யாதுதான். ஆனால் டிராகன்ஸ்பெர்க் அடிவாரத்தில் அண்டர்பெர்க், ஹைம்வில், தெற்கே கோக்ஸ்டாட் என்று போனால் குளிர்காலத்தில் பனி உண்டு. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் விழுந்த பனியில் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் சாலையில் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பக்கம் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி நேரடியானது.

மற்றவர்களுக்கு பிளேடு என்றால் சேறும் சரளையும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வாசலில் குவிந்த சேற்றை மண்வெட்டியால் அள்ளிக் களைத்தவர்கள்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது: சந்தையில் கிடைக்கும் தோட்ட டிராக்டர் பிளேடுகளில் பெரும்பாலானவை பனிக்காகச் செய்தவை. பனிக்குச் செய்ததை மண்ணுக்கு எடுத்தால் உடைவது பெரும்பாலும் பிளேடு அல்ல, அது மாட்டப்பட்ட இடம்.

பனிக்கும் மண்ணுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இரண்டையும் தள்ளத்தானே போகிறோம்?

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம் உள்ள பிளேடின் முன்னால் சரிவாகக் குவியும் பொருள் ஏறக்குறைய 0.1 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் குவியலின் எடை 10 கிலோ. நனைந்து கனத்த பனியாக இருந்தாலும் 20, 30 கிலோவோடு நிற்கும். அதே இடத்தில் ஈர மண் இருந்தால் 160, 170 கிலோ. இது குவியலின் எடை மட்டும். விளிம்பு மண்ணுக்குள் இறங்கி வெட்டும்போது வரும் எதிர்ப்பு தனி. மண்ணில் புதைந்த கல்லோ வேரோ தட்டுப்பட்டால், அந்த நொடியில் டிராக்டரின் முழு எடையும் வேகமும் மாட்டிய போல்ட்டுகளில் போய் இறங்கும்.

அதனால் பிளேடின் அகலத்தையும் விலையையும் பிறகு பார்க்கலாம். தள்ளும் விசை டிராக்டரின் எந்தப் பாகத்தில் போய் முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். மாட்டும் முறைகளுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் இது ஒன்றுதான்.

எத்தனை விதமாக மாட்டலாம்?

முன்பக்கச் சட்டத்திலேயே குட்டையாக மாட்டுவது ஒன்று. டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் நீளமான தள்ளு சட்டம் ஓட்டி, நடுச்சட்டத்திலோ பின் ஆக்சில் பக்கத்திலோ பிணைத்து, பிளேடை முன்னால் நிறுத்துவது இன்னொன்று. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே வயிற்றிலேயே பிளேடைத் தொங்கவிடலாம். பின்னால், கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டலாம். முன்னால் பக்கெட்டால் மண் அள்ளித் தூக்கும் லோடர் இருந்தால் அதன் கைகளிலோ பக்கெட்டிலோ மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முன் பம்பரில் நேரடியாக மாட்டும் குட்டை பிராக்கெட் மலிவாக இருக்கிறதே, போதாதா?

அண்டர்பெர்க்கில் வருடத்துக்கு ஓரிரு முறை, கான்கிரீட் போட்ட நுழைவுப் பாதையில் பனி தள்ளப் போதும். நேட்டால் செம்மண்ணுக்குப் போதாது.

புல்வெட்டும் டிராக்டர்கள் பலவற்றின் சட்டம் தகடை அழுத்தி வளைத்துச் செய்தது. அதன் முன்முனை எஞ்சினைத் தாங்குவதற்காக இருக்கிறது. முன்னாலிருந்து வரும் இடியை வாங்குவதற்காக இல்லை. பிராக்கெட்டை அங்கே முடுக்கிவிட்டு மண் தள்ள ஆரம்பித்தால் முதலில் போல்ட் துளைகள் முட்டை வடிவமாகும். அப்புறம் துளையின் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல் வரும். பெயின்ட் மேல் துரு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அழுக்கு என்று துடைத்துப் பார்ப்பீர்கள், போகாது. அதற்கு மேலும் ஓட்டினால் சட்டம் முறுகி, எஞ்சின் மூடி சரியாக மூடாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அந்த நிலையில் கொண்டுவரும் வண்டியை நிமிர்த்த ஆகும் செலவில் பின் பிளேடு ஒன்று வாங்கிவிடலாம்.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. கை குட்டையாகவும், அதன் மூட்டு தரையிலிருந்து உயரமாகவும் இருந்தால், மண்ணின் எதிர்ப்பு பிளேடைப் பின்னால் தள்ளும்போது அதை மூட்டைச் சுற்றிக் கீழே திருப்பும். அதாவது கனமாகத் தள்ளத் தள்ள பிளேடு இன்னும் ஆழமாகக் கொத்தும். வண்டி திடீரென்று நட்டு நின்றுவிடும். நீளமான கை, தாழ்ந்த மூட்டு என்றால் இந்தக் கொத்தல் மிகவும் குறைவு. கடையில் பார்க்கும்போது மூட்டின் அச்சாணி (பின்) தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

முன் ஆக்சிலிலேயே பிராக்கெட்டைக் கட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. தோட்ட டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. அதில் பிளேடு கட்டினால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பிளேடும் சாயும், இடி முழுவதும் அந்த ஒற்றைப் பின்னுக்குப் போகும்.

அடியில் ஓடும் நீளச் சட்டம் எதுவரை போக வேண்டும்?

எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது. பின் ஆக்சில் அருகே, கியர்பெட்டி போல்ட் ஆகும் கனமான இடத்தில் இரு பக்கமும் பிணைந்தால் உத்தமம். தள்ளும் சக்தி பின் சக்கரத்தில் பிறக்கிறது. அங்கிருந்து நேராக பிளேடுக்குப் போய்விட்டால் இடையில் இருக்கும் மெல்லிய சட்டத்துக்கு வேலையே இல்லை. முன்னால் இருக்கும் பிராக்கெட் அப்போது சட்டம் இடம் வலம் போகாமல் பிடிக்கவும், தூக்கி இறக்கவும் மட்டும்தான்.

கனரகத் தோட்ட டிராக்டர்களுக்கு வரும் பிளேடுகளில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். நடுச்சட்டம் வரை மட்டும் போகும் வகைகளும் இருக்கின்றன, புல்வெட்டும் டெக்கைத் தொங்கவிடும் பின்களையே பயன்படுத்துபவை. அந்தப் பின் டெக்கின் எடையைத் தாங்கச் செய்ததா, தள்ளலையும் தாங்குமா என்பதை டிராக்டரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வயிற்றுக்கடியில் சட்டம் ஓடுவதால் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறையும். கரும்புக்காட்டு ஓரத்துப் பாதையில் நடுவில் மேடும் இரு பக்கமும் சக்கரப் பள்ளமுமாக இருக்குமே, அங்கே சட்டம் உரசும்.

வயிற்றில் மாட்டும் பிளேடு எப்படி? பார்க்க சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் மாதிரி இருக்கிறது.

பாதையைச் சமமாக்க வேண்டும் என்பதே முதல் தேவை என்றால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. காரணம் வடிவியல்தான். முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே 1.2 மீட்டர் தூரம், பிளேடைத் தூக்கி இறக்கும் லிஃப்ட் ஒரே நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். முன் சக்கரம் 5 சென்டிமீட்டர் மேட்டில் ஏறுகிறது. முன் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு 7.5 சென்டிமீட்டர் எழும். சரியாக நடுவில் இருக்கும் பிளேடு 2.5 மட்டும் எழும். பின் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருப்பது 2.5 சென்டிமீட்டர் தாழும். முன் பிளேடு மேட்டைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, நடு பிளேடு பாதியாகக் குறைக்கிறது. தச்சர் இழைப்புளியில் உளி நடுவில் இருப்பதும் இதற்காகத்தான்.

முன் பிளேடால் மண்பாதையைச் சமப்படுத்தியவர்கள், முதல் ஓட்டத்தில் சின்ன அலையாக இருந்தது மூன்றாம் ஓட்டத்தில் பெரிய அலையாகிவிட்டது என்று வந்து சொல்வார்கள். ஓட்டுபவர் மேல் தப்பில்லை.

ஆனால் வயிற்று பிளேடு குவியலைத் தூரத் தள்ளாது, மூலைக்குள் போகாது, டெக்கைக் கழற்றாமல் மாட்ட முடியாது. தோட்ட டிராக்டருக்கென்று ஆயத்தமாகக் கிடைப்பதும் அரிது. வெல்டிங் கடையில் செய்வதுதான் வழி.

பின்னால் மூன்று புள்ளியில் மாட்டுவதை ஏன் எல்லோருக்கும் சொல்கிறீர்கள்?

மூன்று புள்ளி இணைப்பு இருக்கும் டிராக்டருக்குத்தான் சொல்கிறேன். கலப்பை இழுக்கவே செய்த இடம் அது. மண்ணின் எதிர்ப்பை வாங்குவது அதன் பிறவி வேலை. மாட்டவும் கழற்றவும் மூன்று பின்கள்தான்.

இன்னொரு வசதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முன் பிளேடுகளில் பெரும்பாலானவை இடம் வலமாகத் திரும்பும், ஆனால் ஒரு முனையைத் தாழ்த்திச் சாய்க்க முடியாது. பின்பக்கத்தில் லிஃப்ட் கம்பி ஒன்றைச் சுற்றி நீளத்தை மாற்றினால் பிளேடின் ஒரு முனை தாழ்ந்துவிடும். நேட்டால் கோடை மழைக்கு இந்தச் சாய்வு அவசியம். சரளைப் பாதையின் நடு உயர்ந்து, ஓரத்துக்கு 4 சதவீதச் சரிவு இருக்க வேண்டும். 3 மீட்டர் அகலப் பாதையில் நடுவிலிருந்து ஓரம் வரை 1.5 மீட்டர், அதற்கு 6 சென்டிமீட்டர் இறக்கம். அது இல்லாவிட்டால் தண்ணீர் சக்கரத் தடத்திலேயே ஓடி, ஒரே மழைக்காலத்தில் பாதை அரித்துப் பள்ளமாகி டோங்காவாகிவிடும்.

மூன்று புள்ளி இணைப்பின் அளவை (கேட்டகிரி) பார்த்து வாங்குங்கள். கேட்டகிரி 0 என்பது 20 குதிரைசக்திக்குக் குறைந்த தோட்ட டிராக்டர்களுக்கு; கீழ்ப் பின் 16 மில்லிமீட்டர். கேட்டகிரி 1 ஏறக்குறைய 20 முதல் 45 குதிரைசக்தி வரை. கீழ்ப் பின் 22, மேல் லிங்க் பின் 19 மில்லிமீட்டர். கேட்டகிரி 0 பிளேடின் பின்னுக்கு புஷ் போட்டு கேட்டகிரி 1 டிராக்டரில் ஓட்டலாம், ஆனால் எதிர்ப்பக்கம் புஷ் உதவாது; கேட்டகிரி 1 பிளேடின் எடையே சின்ன டிராக்டரின் மூக்கைத் தூக்கிவிடும்.

குறை என்ன? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பனியிலும் சேற்றிலும் முதலில் நான்கு சக்கரமும் ஏறி மிதித்த பிறகுதான் பிளேடு வரும். பிளேடைத் திருப்பி வைத்து ரிவர்ஸில் தள்ளலாம்; மெதுவாகச் செய்யுங்கள், பின்னோக்கிய இடிக்கு லிஃப்ட் கைகள் அவ்வளவு பழக்கப்பட்டவை அல்ல.

லோடர் இருக்கிறது. பக்கெட்டில் சங்கிலி போட்டு பிளேடு கட்டலாமா?

பனிக்கு, மெதுவாக, நேராக மட்டும். லோடர் தூக்குவதற்குச் செய்தது. கோணம் வைத்த பிளேடின் ஒரு மூலை கல்லில் மாட்டினால் விசை முழுவதும் ஒரே கையில் இறங்கி அதை முறுக்கும். முறுகிய லோடர் கையை நேராக்குவது பெரிய வேலை.

தூக்குவதற்குக் கைநெம்பு போதுமா, வின்ச் வேண்டுமா, ஹைட்ராலிக் தேவையா?

கைநெம்பு சின்ன பிளேடுக்குப் போதும். முன்னும் பின்னும் போகும் வேலையில் ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டும் என்பதால் மறுநாள் தோள் வலி நிச்சயம். மின்சார வின்ச் தூக்கும், ஆனால் கீழே அழுத்தாது. பிளேடு தன் எடையில்தான் இறங்கும். பனிக்கு அதுவே சரி, இறுகிய சரளையை வெட்ட முடியாது. ஹைட்ராலிக் என்றால் அழுத்தமும் உண்டு. ஆனால் அதில் மிதவை நிலை இருக்கிறதா என்று கேளுங்கள்; அது இருந்தால்தான் பிளேடு தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும். கீழே அழுத்திப் பூட்டினால் முன் சக்கரங்கள் லேசாகித் திசை திருப்பல் போய்விடும். இறக்கத்தில் அது விபரீதம்.

பிளேடின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் எதற்கு?

தடை தட்டினால் பிளேடு முன்னால் மடிந்து தடையைத் தாண்டி, ஸ்பிரிங் இழுத்து மறுபடி நிமிர. பனிக்கு அவசியம். மண்ணில் சும்மா சும்மா மடிந்து தொந்தரவு செய்யும் என்று சிலர் போல்ட் போட்டு அதைப் பூட்டிவிடுகிறார்கள். நீளச் சட்டம் பின் ஆக்சில் வரை போகும் வண்டியில் அப்படிச் செய்யலாம். குட்டை பிராக்கெட்டில் ஒருபோதும் வேண்டாம். அங்கே அந்த ஸ்பிரிங்தான் உங்கள் டிராக்டரின் சட்டத்தைக் காப்பாற்றுகிறது.

அகலம் எவ்வளவு வாங்குவது?

கோணம் வைத்த பிறகும் பின் டயர்களின் வெளி ஓரத்தைத் தாண்ட வேண்டும். 1.2 மீட்டர் பிளேடை 30 பாகை திருப்பினால் 1.04 மீட்டர்தான் துடைக்கும். டயர் வெளி அகலம் 1.1 மீட்டர் என்றால் தள்ளி வைத்ததன் மேலேயே சக்கரம் ஏறும்.

எடைக்கட்டி, டயர்?

முன்னால் பிளேடு என்றால் பின்னால் எடை வேண்டும், பின்னால் பிளேடு என்றால் முன்னால். டயருக்குள் தண்ணீர் நிரப்புவது மலிவான வழி. முக்கால் பங்கு நிரப்பி மீதிக்குக் காற்று. டர்பன் பக்கம் வெறும் தண்ணீர் போதும். அண்டர்பெர்க்கில் உறைந்துவிடும், கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள், கசிந்தால் ரிம்மைத் தின்னும். புல்தரை டயர் சேற்றில் சுழலும், பிடிக்காது. அதில் சங்கிலி போடலாம், அல்லது வரி வரியாகப் பட்டை உள்ள விவசாய டயருக்கு மாறலாம். ஒரு எச்சரிக்கை: பிடிப்பைக் கூட்டினால் கியர்பெட்டி மேல் சுமையும் கூடும். புல்வெட்டி டிராக்டரின் லேசான ஹைட்ரோஸ்டாட் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) கியர்பெட்டிக்குச் சக்கரம் வழுக்குவதே ஒரு பாதுகாப்பு.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் பழைய பிளேடு ஒன்று கண்டெய்னரில் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மாடலைக் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு பிளேடும் குறிப்பிட்ட டிராக்டர் வரிசைக்கென்று செய்தது. ஜான் டீர் எக்ஸ்700 வரிசைக்கான 54 அங்குல பிளேடு அந்த வரிசையின் விரைவு இணைப்பில்தான் உட்காரும். பிளேடு தகடு மட்டும் வந்து மாட்டும் சட்டம் வராவிட்டால் வந்தது பழைய இரும்புதான். போல்ட்கள் அங்குல அளவில் இருக்கும், இங்கே கடையில் சட்டென்று கிடைப்பது மெட்ரிக். மச்சானிடம் சட்டம், பின்கள், லிஃப்ட் கம்பி எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளூர் வெல்டிங் கடையில் செய்தால்?

பெரும்பாலும் அதுதான் நல்லது. தள்ளு சட்டத்துக்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் தடிமன் 4 அல்லது 5. வெட்டுவிளிம்பைத் தனித் தகடாக போல்ட் போட்டு வையுங்கள், தேய்ந்தால் திருப்பிப் போடலாம். டிராக்டர் சட்டத்திலேயே நேரடியாக வெல்டிங் வைக்க விடாதீர்கள். ஏற்கனவே இருக்கும் துளைகளில் போல்ட் போடும் பிராக்கெட்டாகச் செய்யச் சொல்லுங்கள். வண்டியில் இருக்கும்போது வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு. கோணத்தைப் பூட்டும் பின்னை மட்டும் சாதாரண இரும்பில் போடுங்கள். ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆக வேண்டும் என்றால் சில ராண்டில் கிடைக்கும் அந்தப் பின் உடையட்டும்.

கோயில் மைதானத்தைச் சமப்படுத்தக் கேட்கிறார்கள். எது சரி?

தைப்பூசக் காவடிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடும். தேர் ஓட வேண்டும், பக்தர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். பின் பிளேடு போதும். முதல் ஓட்டத்தில் கோணம் வைத்து மேடுகளை வெட்டுங்கள். கடைசி ஓட்டத்தில் பிளேடைத் தலைகீழ்த் திசைக்குத் திருப்பி, அதன் வளைந்த முதுகு முன்னால் வரும்படி வைத்து இழுங்கள். அப்போது அது வெட்டாது, தேய்த்துச் சமப்படுத்தும். வெட்டியதில் மேலே வந்த கூர்க்கற்களை ஆள்வைத்துப் பொறுக்க வேண்டும். அதற்கு எந்த பிளேடும் உதவாது. முந்தின நாள் தண்ணீர் தெளித்தால் மண் பிடிக்கும், தூசியும் கிளம்பாது. தேர் போகும் தடத்தை உருளையால் ஒருமுறை அழுத்திவிடுவது நல்லது.

அண்டர்பெர்க்கில் எங்களுடையது சரளைப் பாதை. பனியோடு சரளையும் போய்விடுகிறதே?

பிளேடின் இரு பக்கமும் இருக்கும் சறுக்குக் கால்களை இறக்கி, விளிம்பு தரையிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். அல்லது இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறி வெட்டுவிளிம்பின் மேல் செருகிக் கட்டுங்கள். உருண்ட விளிம்பு சரளையின் மேல் வழுக்கிப் போகும். முதல் தள்ளலிலேயே பனியை ஓரத்துக்கு அப்பால் தூரமாகக் கொண்டுபோங்கள். ஓரத்தில் விட்ட குவியல் இரவில் உறைந்துவிட்டால் மறுநாள் பாதை குறுகிவிடும்.

சரிவான பிளாட்டில் ஓட்டலாமா?

பல டிராக்டர் கையேடுகள் 10 முதல் 15 பாகையைத்தான் எல்லையாகச் சொல்கின்றன. நம் பக்கத்து மேடுகள் பல அதைத் தாண்டும். குறுக்காக ஓட்டாதீர்கள், மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கவிழ்வுக் காப்புக் கம்பி உள்ள வண்டி என்றால் பெல்ட் போடுங்கள். கம்பி இல்லாத வண்டியில் பெல்ட் கட்டிக்கொள்வது ஆபத்து. பள்ளத்தின் விளிம்புக்கு மண்ணைத் தள்ளும்போது கடைசி ஒரு மீட்டரை விட்டுவிடுங்கள். நேற்று மழையில் ஊறிய செம்மண் விளிம்பு எடை ஏறியதும் அப்படியே சரியும்.

கழற்றி வைக்கும்போது?

இரண்டு மரக்கட்டை மேல், மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் நிறுத்தி வையுங்கள். அடுத்த முறை டிராக்டரை நேராக ஓட்டிப் பின்னைச் செருகலாம், தூக்க இரண்டாவது ஆள் வேண்டாம். ஹைட்ராலிக் குழாய்களின் முனையில் மூடி போடுங்கள். திறந்து கிடந்தால் குளவி கூடு கட்டும். பின்களை பிளேடிலேயே செருகி கிளிப் போட்டு விடுங்கள், கருவிப் பெட்டியில் போட்டால் தேவைப்படும் நாளில் கிடைக்காது.